இரண்டாவது பொத்தான்

உங்கள் பையன் பதினொன்றாம் வகுப்பு என்று சொன்னீர்கள் அல்லவா? அப்படியானால் உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் நிம்மதி இருக்கிறது. அனுபவித்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து உங்கள் வாசலை மிதிக்கிறவர்கள் எல்லாம் கல்வி ஆலோசகர்கள். பால்காரர் மெக்கானிக்கல் வேண்டவே வேண்டாம் என்பார். சிலிண்டர் தூக்கி வருகிறவர் கம்ப்யூட்டர் சயன்ஸ் தவிர எதையும் எடுக்காதீர்கள் என்பார். தானே பத்தாம் வகுப்பை மூன்று தவணையில் முடித்தவர் அவர். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் விசேஷத்துக்கெல்லாம் போகவில்லை. கலந்தாய்வு அலுவலகத்துக்குப் போகிறேன், மனு கொடுக்க. என் தம்பி மகளுக்குக் கிடைத்த நல்ல இடத்தை அரசாங்கத்தின் கணினி தூக்கிக்கொண்டு போய் இன்னோர் ஊரில் வைத்துவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் அதைப் பழைய இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அங்கேயும் இடம் இல்லை, இங்கேயும் இல்லை, இந்த வருடமே போயிற்று. அதனால்தான் விடியும் முன்னே திண்டுக்கல்லில் இந்தப் பஸ்ஸில் ஏறினேன்.

நான் பேசுவது உங்களுக்கு அச்சடித்த தாளைப் படிப்பது போல் இருக்கும். என் தம்பியும் அப்படித்தான் கேலி செய்வான். என்ன செய்வது, முப்பத்திரண்டு வருடம் புள்ளியியல் துறையில் அறிக்கை எழுதிய வாய். ஒட்டன்சத்திரம் சந்தையில் கத்திரிக்காய் என்ன விலை, நிலக்கோட்டையில் மல்லிகை என்ன விலை, எல்லாம் நான் எழுதித்தான் கோட்டைக்குப் போகும். நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, எடை போட்டு, தாலுகாவின் விளைச்சலைச் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு ஒரு கல்லூரியைச் சொல்ல முடியாதா?

தம்பி பெயர் சவரிராஜ். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவன். ஊரில் யார் வீட்டில் எத்தனை யூனிட் என்பது தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. அவன் மனைவி ஸ்டெல்லா. அவளுக்கு அதுவும் தெரியாது. ஒரே மகள் பெனிட்டா. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவர்களோடு இருக்கிறேன். அவர்கள் என்னோடு இருக்கிறார்கள் என்றும் சொல்லலாம். வீடு என் பெயரில் இருக்கிறது. அது வேறு விஷயம்.

பெனிட்டாவின் கட்-ஆஃப் இருநூறுக்கு நூற்று எண்பத்தேழரை. நல்ல மதிப்பெண்தான். ஆனால் நல்ல மதிப்பெண் வந்த வீட்டில்தான் புத்தி முதலில் வெளியே போகிறது. ஸ்டெல்லாவின் அண்ணன் ஓசூரிலிருந்து வந்து கோயம்புத்தூர், கோயம்புத்தூர் என்று இரண்டு நாள் ஜெபமாலை உருட்டுவது போல் சொல்லிவிட்டுப் போனார். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவன், கன்சல்டன்ட்டாம், வீட்டுக்கே வந்து ஒரு பளபளப்புத் தாளை நீட்டினான். அதில் ஒரு கல்லூரியின் படம், வாசலில் நீரூற்று. நீரூற்றுக்கு எத்தனை முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் என்று கேட்டேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். ஸ்டெல்லா இன்னும் ஒரு படி மேலே போனாள். ஐந்து கல்லூரிகளின் பெயரைச் சீட்டில் எழுதி, கோயில் கெபியில் மாதா காலடியில் வைத்து, அடுத்த வீட்டுக் குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னாள். மாதாவுக்கு என்ன, அண்ணா பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விகிதமா தெரியும்? சீட்டில் கோயம்புத்தூர்தான் வந்தது. ஐந்து சீட்டில் மூன்று கோயம்புத்தூர்க் கல்லூரிகள் என்று பிறகு தெரிந்தது. மாதிரி எடுக்கும் முறையே தவறு.

நான் அப்படிச் செய்யவில்லை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டேன். முப்பத்தாறு கல்லூரிகள், ஐந்து வருடத்தில் ஒவ்வொன்றிலும் கடைசியாக இடம் பிடித்த மதிப்பெண்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டேன். தேர்ச்சிக்கு இருபத்தைந்து, ஆசிரியர்களுக்கு இருபது, ஆய்வகத்துக்குப் பதினைந்து, வீட்டிலிருந்து உள்ள தூரத்துக்கு நாற்பது. தூரத்துக்கு மட்டும் எதற்கு மதினி நாற்பது என்று ஸ்டெல்லா கேட்டாள். எதற்கு எவ்வளவு எடை என்பதை அனுபவம் உள்ளவர்கள் தீர்மானிப்பார்கள் என்று சொன்னேன். முதலிடம் எது வந்தது தெரியுமா? எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகிற கல்லூரி. கல்லூரிப் பேருந்து எங்கள் தெருமுனையில் எட்டரைக்கு வருகிறது, ஐந்து மணிக்குக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. நான் விரும்பியதால் அல்ல. கணக்கு அப்படி வந்தது.

பெனிட்டாவுக்கு மட்டும் கோயம்புத்தூரில் பயோமெடிக்கல் படிக்க வேண்டும் என்று ஓர் எண்ணம். அதற்கு நான்தான் காரணம், எந்தத் தவறும் செய்யாமலே. போன வருடம் எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். இவள்தான் துணைக்கு வந்தாள். கண்ணைப் பரிசோதிக்கிற இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. நான் உள்ளே படுத்துக் கிடக்கும்போது இவள் அதை இயக்குகிற பெண்ணோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அந்த மாதிரி இயந்திரம் செய்கிற படிப்பு என்ன படிப்பு அத்தை என்று கேட்டாள். சுடிதார் பார்த்து ஆசைப்படுகிற வயதில் ஒரு பெண் இயந்திரத்தைப் பார்த்து ஆசைப்பட்டால் அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

விருப்பப் பட்டியலை நான்தான் தயாரித்தேன். உங்களுக்கும் இது வரும், கவனித்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது இரண்டாவது என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, மதிப்பெண்ணுக்கு முதலில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். நான் எல்லோருடைய மனதும் நோகாமல் செய்தேன். முதல் இடத்தில் இவள் கேட்ட கோயம்புத்தூர்க் கல்லூரி. ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூட அது நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை. அடுத்த ஏழிலும் அதேபோல் கிடைக்கவே கிடைக்காத கல்லூரிகள். ஒன்பதாவது நம்முடையது. மேலே உள்ள எட்டும் அலங்காரம். ஆசைப்பட்டதை எல்லாம் அத்தை எழுதிவிட்டார்கள் என்று வீட்டில் சந்தோஷம். கிடைக்கப்போவது எது என்பது எனக்கு மட்டும் தெரியும். நிர்வாகம் என்றால் அதுதான்.

சொல்லி வைத்தாற்போல் ஒன்பதாவதுதான் கிடைத்தது. தெருவுக்கே மிக்சர் வாங்கிக் கொடுத்தேன். பெனிட்டாதான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் அமைதியான பெண்.

இனிமேல்தான் விஷயம். இடம் ஒதுக்கியதும் சும்மா விடமாட்டார்கள். திரையில் கேள்வி கேட்பார்கள். இதை ஏற்றுச் சேர்கிறேன் என்பது ஒரு பொத்தான். இதை ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன் என்பது இரண்டாவது பொத்தான். இரண்டாவதை அழுத்தினால், பட்டியலில் மேலே எழுதிய கல்லூரியில் யாராவது இடத்தை விட்டுவிட்டுப் போகும்போது உங்களை அங்கே தூக்கிவிடுவார்கள். கீழே கிடைத்தது போய்விடும். பேராசைக்காரர்களுக்காக வைத்த பொத்தான்.

அன்றைக்கு எனக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள். நாலு வேளை சொட்டு மருந்து. பெனிட்டாதான் விடுவாள். ஸ்டெல்லா விட்டால் கன்னத்தில் விழும். மருந்து விட்டால் கால் மணி நேரத்துக்கு உலகமே கஞ்சித் தண்ணீர். சரியாக மருந்து விட்ட கையோடு இவள் கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால் நாற்காலியில்.

"அத்தை, ரெண்டு பட்டன் வந்திருக்கு."

"முதல் பொத்தான்" என்றேன்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"நாற்பது பக்கம் யோசித்திருக்கிறேன்."

பிறகு கேட்டாள்: "உங்க கண்ணைப் பாத்துச்சே ஒரு மிஷின், அதையெல்லாம் யார் செய்றாங்கன்னு நெனைக்கிறீங்க அத்தை?"

"ஜெர்மன்காரன்" என்றேன்.

அப்புறம்தான் அழுத்தினாள். சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்து எந்தப் பொத்தான் என்று சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னதைத்தானே அழுத்துவாள்? தம்பியின் போனுக்கு ஆறு எண்கள் வந்தன. அவன் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தான். மூன்றாவது எண்ணில் அவன் குரல் கம்மிவிட்டது. அவனுக்கு அந்த வாரம் சளி.

இரண்டு நாள் கழித்துப் பணம் கட்டிச் சேர்த்துவிட்டு வருகிறோம் என்று அப்பாவும் மகளும் கிளம்பிப் போனார்கள். வெயில் உனக்கு ஆகாது அக்கா, நீ கண்ணைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். போக அரை மணி, வர அரை மணி. உள்ளே நிற்கவே விடவில்லை போலிருக்கிறது. சிறிய கல்லூரியின் வசதி அதுதான், கூட்டம் கிடையாது. ரசீதில் கல்லூரி முத்திரை எங்கே என்று கேட்டேன். எல்லாம் ஆன்லைன் என்றான். வாசலில் பெரிய வேப்பமரம் இருக்கிறதே, பார்த்தீர்களா என்று கேட்டேன். தம்பி பார்த்தேன் என்றான். அதே நேரத்தில் பெனிட்டா வெட்டிவிட்டார்கள் என்றாள். ஒரே குடும்பத்தில் இவ்வளவு கவனக்குறைவை நான் பார்த்ததில்லை.

ஒரு வாரம் போனது. போன புதன்கிழமை குறுஞ்செய்தி வருகிறது. உங்கள் மகளுக்குக் கோயம்புத்தூரில் பயோமெடிக்கல் ஒதுக்கப்பட்டிருக்கிறது, முந்தைய ஒதுக்கீடு ரத்து. திங்கள்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும்.

நான் திகைத்துப் போனேன். இந்த வருடம் அந்தப் பிரிவில் இடங்களைக் கூட்டிவிட்டார்களாம். யாரைக் கேட்டுக் கூட்டினார்கள்? ஐந்து வருடத்துக் கணக்கை வைத்து ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அதைவிட, முதல் பொத்தானை அழுத்திய பெண்ணை எப்படி மேலே தூக்கலாம்? கணினிப் பிழை. சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. நாளைக்குக் காலை ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை என்று சொன்னால் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றார்கள். ஸ்டெல்லா மட்டும் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. உணர்ச்சி அவர்களுக்குத் தாமதமாகவும் தப்பாகவும்தான் வரும்.

நான் அன்றைக்கே மனு தயார் செய்தேன். நான் சொல்லச் சொல்ல பெனிட்டாவே பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். மூன்று பிரதி. ஒரே ஓர் இடத்தில்தான் பிழை. எங்கள் விருப்பத்துக்கு மாறாக என்று நான் சொன்னதை, எங்கள் அத்தையின் விருப்பத்துக்கு மாறாக என்று அடித்திருந்தாள். கவனம் எங்கேயோ இருக்கிறது. திருத்திக் கொடுத்தாள், முகம் சுளிக்காமல்.

வெள்ளிக்கிழமையே கிளம்புகிறேன் என்றேன். சவரிராஜ்தான் தடுத்தான். "வேணாங்க்கா. திங்கக்கெழமைதான் பெரிய அதிகாரி இருப்பாராம். நீ நேர்ல போய்ப் பேசுனாத்தான் எடுபடும்." ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாக என் தம்பி ஒரு விஷயத்தை விசாரித்து வைத்திருக்கிறான். அவனே டிக்கெட் எடுத்தான், ஜன்னல் ஓரம். வேளாங்கண்ணிக்குப் போனபோதுகூட எனக்கு அவன் ஜன்னல் ஓரம் எடுத்ததில்லை. நீங்களும் வாருங்கள், விண்ணப்பதாரர் நேரில் இருந்தால் நல்லது என்றேன். பெனிட்டாவுக்குத் தலைவலி, தம்பிக்கு லீவு இல்லை, ஸ்டெல்லாவுக்கு வீட்டு வேலை.

வீட்டு வேலை என்றால் என்ன வேலை? சனிக்கிழமை முழுக்க முறுக்கு சுட்டாள். பண்டிகையும் இல்லை, விருந்தாளியும் இல்லை. பருப்புப் பொடி இரண்டு கிலோ அரைத்து டப்பாவில் அடைத்தாள். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது புது வாளி ஒன்று, மக் ஒன்று, மாடித் துணிக்குக் கிளிப் இரண்டு டஜன் வாங்கி வந்தாள். வீட்டில் வாளி நன்றாகத்தான் இருக்கிறது. இந்தப் பெண்ணோ தன்னுடைய துணி அத்தனையையும் ஒரே நாளில் இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருக்கிறாள். தலைவலியோடு. ஒரு பெண்ணின் எதிர்காலம் கத்தி முனையில் நிற்கிறது, இவர்கள் வாளி வாங்குகிறார்கள். இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிக் காலம் தள்ளியிருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்று காலை நான் நாலு மணிக்கு எழுந்து வந்தால், மூன்று பேரும் குளித்துத் தயாராக நிற்கிறார்கள். பெனிட்டா சடை பின்னி, புதுச் சுடிதாரில். என்னை வழியனுப்ப இவ்வளவா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. தம்பி பைக்கை எடுத்தான். நான் படியிறங்கும்போது பெனிட்டா முன்னால் வந்து குனிந்து நின்றாள்.

"நெத்தியில சிலுவை போடுங்க அத்தை."

பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் கேட்பாள். பயணம் போகிறது நான், சிலுவை எனக்கல்லவா போட வேண்டும் என்றேன். போடுங்க அத்தை என்று மறுபடி சொன்னாள். போட்டேன். நிமிரவே இல்லை. இன்னொரு தடவை போட வேண்டியதாயிற்று. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தம்பி ஹாரன் அடித்தான்.

கொஞ்சம் இருங்கள். அவள்தான் கூப்பிடுகிறாள்.

சொல்லும்மா. விழுப்புரம் தாண்டியாகிவிட்டது. இரண்டு மணிக்கெல்லாம் போய்விடுவேன். சாப்பிட்டேன், எலுமிச்சைச் சாதம். என்ன? என் இனிஷியலா? எஸ்.ஏ., இரண்டும். எஸ் முதலில். எதற்கு? வேலை என்றால் புள்ளியியல் ஆய்வாளர், ஓய்வு என்று அடைப்புக்குறியில் போடு. போட்டோவா? என் போட்டோ உன்னிடம் எப்படி வந்தது? சரி. ஒட்டிக்கொள். கேட்கவில்லை, சத்தமாகச் சொல். அங்கே என்ன அவ்வளவு கூட்டம்? டி.வி.யா? சரி. டி.வி.யை அணைத்துவிட்டுப் பேசக் கூடாதா? சரிம்மா. வைக்கிறேன்.

டி.வி.யாம். பதினொரு மணிக்கு வேலையைப் பார்க்காமல் சீரியல் பார்க்கிறார்கள். என்ன சீரியலோ. யாரோ ஓர் அம்மாள் அதட்டிக்கொண்டிருக்கிறாள். டி.சி. ஒரிஜினல் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பக்கம், ஹாஸ்டல் ஃபாரம் எழுதிவிட்டவர்கள் அந்தப் பக்கம் என்று. அப்புறம், பார்க்க வருகிறவர்கள் மூன்று பேருக்குத்தான் அனுமதி, போட்டோ ஒட்டியிருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நாலு முதல் ஆறு வரை மட்டும் என்று.

இப்போதெல்லாம் சீரியலில் இப்படித்தான் எடுக்கிறார்கள் போலிருக்கிறது.

நீங்கள் ஏன் ஜன்னல் பக்கம் பார்க்கிறீர்கள்? நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் இல்லை வெளியே. பொட்டல்.

மூன்று பேர் என்றால் அப்பா, அம்மா. அப்புறம் ஒருவர்.

இந்தத் தாளைக் கொஞ்சம் பிடியுங்கள். மனுதான். மூன்று பிரதி இருக்கிறது, ஒன்று போனால் பரவாயில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது பாருங்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலை வழியாகப் போனால் நாலு மணி நேரம். ஞாயிறு எட்டு மணிப் பூசை முடிய ஒன்பதேகால். ஒன்பதே முக்காலுக்கு ஏறினால் ஒன்றே முக்கால், பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வோம். நாலு மணிக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னாலேயே போய் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வெயில் எப்படி இருக்குமோ. இவர்களை நம்பி ஒரு நேரக் கணக்குக்கூடப் போட முடியாது, சவரிராஜ் ஆறு மணிக்குப் போய் நிற்பான். நானே எழுதிவிடுகிறேன். சும்மா, ஒரு தகவலுக்குத்தான்.

உங்களிடம் பேனா இருக்கிறதா?